அக்னெஸும் ஆறு கஞ்சாச் செடிகளும்

அக்னெஸுக்குக் கோபம் வரும் என்று சொல்லுகிறவர்கள் அவளை அறியாதவர்கள். வருவதென்றால் அது எங்கேயாவது போயிருக்க வேண்டும். மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் ஒரு பங்களாவும் ஒரு பின்வளவும் சுகமில்லாத ஒரு புருஷனும் உள்ள அந்த ஐம்பத்தேழு வயது மனுசியின் கோபம், காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே எழும்பி முகம் கழுவிக் குசினிக்குள் அவளுக்காகக் காத்திருக்கும்.

அதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை. பதினாலு வருடம் தையல் ஃபக்டரியில் ஜீன்ஸுக்குப் பொக்கற் வைத்தவள். அங்கே அவள் கற்ற பிரெஞ்சு முழுவதும் மேற்பார்வைக்காரியின் வாயிலிருந்து வந்தது. "சீக்கிரம்", "இது பிழை", "வேலையைப் பார்", "திரும்பவும் செய்" என்பவை பிசகில்லாமல் வரும். "நன்றி"யும் தெரியும், பாவித்தது குறைவு. இதனால் பிரெஞ்சுக்காரர் எவர் வாயைத் திறந்தாலும் தன்னை ஏசுவதாகவே அவளுக்குக் கேட்கும். அவள் திருப்பிச் சொல்லுவதும் ஏச்சாகத்தான் இருக்கும், அவளிடம் வேறு சரக்கு இல்லை.

புருஷன் எமிலியானுஸ் நல்ல மனுஷன், அதுவும் அவளுக்குக் கோபம். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மாசி மாதம், வேலை செய்த களஞ்சியத்தில் லொறியில் சாமான் ஏற்றுகிற மேடையில் ஐஸ் பிடித்திருந்தது. விழுந்தார். முள்ளந்தண்டு அடிபட்டது. பொல்லை ஊன்றிக் குசினி வரைக்கும் நடப்பார். ஆனால் கால்கள் இரண்டும் நினைத்த நேரத்தில் இழுக்கும், உதறும், உள்ளுக்குள் ஆரோ மோட்டர் பூட்டிவிட்ட மாதிரி. பூசைக்குப் போனால் நற்செய்தி வாசிப்பதற்கிடையில் முன்னிருக்கை வாங்கைப் படார் படாரென்று உதைப்பார். குளிர்காலத்தில் இது இரண்டு மடங்கு. இழுப்பைக் குறைக்கத் தந்த மாத்திரை இரைப்பையில் புண்ணைக் கொண்டுவந்தது. மாத்திரையை நிற்பாட்டினார்கள். பிறகு இழுப்புக்கு என்ன மருந்து என்று கேட்டபோது டொக்டர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

கடைசியில் அவர் சொன்னது கஞ்சா. நாலு வருடமாகச் சட்டம் இருக்கிறதாம். டொக்டர் கையெழுத்து வைத்தால் ஒட்டாவா அரசாங்கம் அனுமதி கொடுக்கும். நோயாளி வைத்திருக்கலாம், அவருக்காக இன்னொருவர் வளர்க்கலாம். வீட்டுக்குள் வெளிச்சம் பூட்டி வளர்க்க அக்னெஸுக்கு விருப்பமில்லை. பின்வளவு கிடக்கும்போது நிலவறைக்குள் பயிர் வைக்கிறவன் விசரன் என்றாள். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வசந்தத்தில் கடிதம் வந்தது: வெளியில், பூட்டுப் போட்ட வேலிக்குள், ஆறு செடி. கூடவே விதையும். அவள் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அவளுடைய கருவாட்டுப் பார்சலைப் பறித்துக் குப்பையில் போட்ட அரசாங்கம், பதினேழு வருடம் கழித்துக் கஞ்சா விதையைத் தபாலில் அனுப்பி வைத்தது. கருவாட்டை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

விதையோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது. மகள் றொசானா அதை மேசையில் விரித்து, தமிழில் சொல்லத் தொடங்கினாள். அக்னெஸ் அதை நாலாக மடித்து மகளின் கைப்பைக்குள்ளேயே திருப்பி வைத்தாள்.

"இலைப் பயிருக்கு எனக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை, பிள்ளை."

அவளுடைய தகப்பன் ஊரில், இளவாலையில், புகையிலை வைத்தவர். நாலு பரப்புத் தோட்டத்துக்குத் தண்ணி மாறியவளும், நுனி கிள்ளியவளும், பக்க முளை உடைத்தவளும் அவள்தான். கஞ்சாவும் இலைப் பயிர் என்பதில் அவளுக்குச் சந்தேகம் துளியும் இருக்கவில்லை. பெடியள் பெனியனில் போட்டுக்கொண்டு திரிகிறது இலைப் படம். பொலிஸ் பிடித்தால் பேப்பரில் போடுகிறது இலைப் படம். டவுண்டவுன் கடை யன்னலில் கொடியாகத் தொங்குவதும் அதே ஏழுவிரல் இலைதான். ஊரே இலை இலை என்று காட்டும்போது எந்தத் தோட்டக்காரி பூவைப் பற்றி யோசிப்பாள்?

சித்திரையில் யோகட் பெட்டிகளில் முளைக்க வைத்தாள். வைகாசி கடைசியில் வெளியே நட்டாள். மீன் கழுவின தண்ணி ஊற்றினாள். அனுமதிக் கடிதத்தை லமினேற் பண்ணி, முன்னறைச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியடித்துத் தொங்கவிட்டாள். வாறவன் போறவன் ஆண்டவரையும் பார்க்கட்டும், சட்டத்தையும் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம். ஆடி முடிவதற்குள் செடிகள் அவளுடைய தோளுக்கு வந்தன. ஒவ்வொரு இலையும் பிள்ளையின் கையளவு.

ஆடிக் கடைசியிலேயே பூ வெளிக்கிட்டது. நுனியில் வெள்ளை நூல் மாதிரிக் குட்டி குட்டியாக. புகையிலைக்காரி செய்வதை அக்னெஸ் செய்தாள். பூவை விட்டால் சத்து முழுதும் மேலே ஏறிப் போய்விடும், இலை மெலிந்துவிடும், காரம் குறையும். விடியச் செபத்தை முடித்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு நுனியாகக் கிள்ளி வாளிக்குள் போட்டாள். இரண்டு நாளில் பக்கத்தால் இரண்டு வந்தது. அதையும் கிள்ளினாள். அது நாலாக வந்தது. செடிக்கே திமிர் என்று அவளுக்குக் கோபம் வந்தது. விரல் பிசின் பிடித்துக் கறுத்தது, சவர்க்காரத்துக்குப் போகவில்லை. வியாழக்கிழமை வியாழக்கிழமை வாளி குப்பைப் பையோடு லொறியில் போனது.

இந்தக் கிள்ளலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு றேஜான், அறுபது கடந்த கியூபெக்காரர், நரைத்த குடுமி வைத்தவர். அவருடைய பல்கனி வேலியை விட உயரம். முதல் கிழமை அவர் கோப்பிக் கோப்பையோடு எழும்பி நின்றார். இரண்டாம் கிழமை தலையில் கை வைத்தார். மூன்றாம் கிழமை "மதாம், மதாம்" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல ஏதோ சொன்னார். பொலிஸுக்குச் சொல்லப் போகிறான் என்று அக்னெஸ் விளங்கிக்கொண்டாள். உள்ளே போய் லமினேற் பண்ணிய கடிதத்தை ஆணியோடு பிடுங்கி வந்து, தலைக்கு மேலே தூக்கி அவருக்குக் காட்டினாள். மனுஷன் அதை வாசித்து, நல்லது நல்லது என்று தலையை ஆட்டி, திரும்பவும் செடியைக் காட்டினார். அதற்கு மேல் நின்று கேட்க அக்னெஸுக்குப் பொறுமை இல்லை.

பொறுமை இல்லாமற் போனதற்குக் கோயில் பங்குச் சனமும் ஒரு காரணம். ஆவணி முதற் கிழமை செபமாலைக் கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. பங்குச் சபைச் செயலாளர் யோசெப் மாஸ்டர் பயிற்றங்கொடி பார்க்கிறேன் என்று பின்வளவுக்குப் போனவர், செபமாலையின் கடைசிப் பத்து மணிகளை உருட்டும்போதுதான் உள்ளே வந்தார். அடுத்த ஞாயிறு முழுக் கோயிலுக்கும் தெரிந்திருந்தது. அக்னெஸ் கஞ்சா வளர்க்கிறாள் என்றார்கள் சிலர். விற்கிறாள் என்றார்கள் வேறு சிலர். எமிலியானுஸ் விழுந்ததே அதை அடித்துவிட்டுத்தான் என்று பக்கத்து நகரம் லவாலிலிருந்து ஒரு கதை வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தி விழுந்ததற்கு இந்த வருடத்துச் செடி எப்படிப் பொறுப்பாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆவணி பதினைந்து, மாதாவின் திருநாள். வழக்கம்போல அக்னெஸ் நூற்றிருபது றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். மொன்றியலில் அவளுடைய மட்டன் றோல்ஸுக்குப் பூசை முடிய முன்னமே வரிசை நிற்கும். அன்றைக்குக் கடலை வடை முடிந்தது, சான்ட்விச் முடிந்தது, ஆரோ கடையில் வாங்கிவந்த உப்புப் பிஸ்கற்றும் முடிந்தது. றோல்ஸ் தட்டு வைத்தபடி இருந்தது. பிள்ளையள் கையை நீட்டத் தாய்மார் இழுத்தார்கள்.

யோசெப் மாஸ்டர் அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், தங்கச்சி குறை நினைக்கக்கூடாது என்று தொடங்கினார். சனம் என்றால் கதைக்கும்தான், தனக்கு அவளைத் தெரியும், ஆனாலும் இந்தக் கதை அடங்கும்வரை சாப்பாடு கொண்டு வராமல் விட்டால் பங்குக்கு நல்லது என்றார். அக்னெஸ் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவளைத் தெரிந்தவர்கள் அந்த இடத்தை விட்டு அகன்றிருப்பார்கள். மாஸ்டரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அதில்லை தங்கச்சி, இந்த முழங்கால் நோவுக்கும் அது கேக்குமோ?"

"கேக்கும், மாஸ்டர். றோல்ஸுக்குள்ளதான் வைச்சிருக்கிறன். ரெண்டு எடுங்கோ."

மாஸ்டர் ஒரு அடி பின்னுக்குப் போனார். போன பிறகும் தட்டை ஒருக்காத் திரும்பிப் பார்த்தார்.

நூற்றிருபது றோல்ஸோடும் அவள் வீட்டுக்கு வந்து காரை நிற்பாட்டிப் பின்வளவுக்குள் கால் வைக்க, பல்கனியில் றேஜான் நின்றார். "மதாம்" என்றார். அவ்வளவுதான். பங்குக்கும், மாஸ்டருக்கும், கையை இழுத்த தாய்மாருக்கும் கொடுக்க வேண்டியதெல்லாம் அந்த மனுஷனுக்குப் போனது. தமிழில் போனது முக்கால்வாசி. மிச்சம் ஃபக்டரிப் பிரெஞ்சில்: இது பிழை, வேலையைப் பார், சீக்கிரம், சீக்கிரம். அதோடு விடாமல் நிலவறையிலிருந்து நீலத் தறப்பாளை இழுத்து வந்து, றேஜானின் பக்கம் முழுவதையும் மறைத்து வேலியில் கட்டினாள். பின்னேர வெயில் அந்தப் பக்கத்தால்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வெயிலை விடப் பெரிது மானம்.

ஆவணி முடிவில் முதல் இலைகளை முறித்தாள். கராஜுக்குள் கயிறு கட்டி நிழலில் உலர்த்தினாள். மல்லியும் சுக்கும் இந்த இலையும் போட்டு இறுக்கமாகக் கஷாயம் வைத்து, ஒரு கோப்பை எமிலியானுஸிடம் கொடுத்து, எதிரே கைகட்டி நின்றாள். அவர் குடித்தார். முகம் சுளித்தது. ஒரு மணித்தியாலம் கழித்து எப்படி என்று கேட்டாள்.

"ஓம், பரவாயில்லைப் போல கிடக்கு" என்றார் எமிலியானுஸ்.

அந்த "ஓம்" போதும். அக்னெஸ் அன்று முழுவதும் கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தாள். குளிர்காலத்துக்கு இனிப் பயமில்லை. கராஜ் நிறைய இலை. ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை, ஒவ்வொரு நாளும் ஒரு "ஓம்". கால் இழுக்கும் நேரங்களில் அவர் ஏனோ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தார். உள்ளே குழாய்த் தண்ணி ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

புரட்டாதி நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. றொசானா கதவைத் திறந்தாள். வெளியே றேஜான், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. வேலியால் நடக்காததை வாசலால் செய்ய வந்திருந்தார். அக்னெஸ் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள். மகள் நின்ற நேரம் பார்த்து வந்தது மனுஷனின் கெட்டித்தனம். கட கடவென்று அவர் சொல்ல, றொசானா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், சொல்லத்தான் வேண்டுமா என்பதுபோல நின்றாள்.

"என்னவாம்? பொலிஸோ?"

"இல்லையம்மா. மருந்து அந்தப் பூவிலதானாம் இருக்கு. இலையில ஒண்டுமில்லையாம். நீங்கள் ஒவ்வொரு நாளும் மருந்தைக் கிள்ளி எறிஞ்சுபோட்டுக் குப்பையைக் காய வைச்சிருக்கிறீங்களாம். தான் ஒரு மாசமாச் சொல்லுறாராம்."

இளமைக் காலத்தில் றேஜான் சோளத் தோட்டங்களுக்குள் ஒளித்து வளர்த்தவர், அதுவும் பல வருடம். அவருக்குத் தெரியாமல் இருக்காது. அக்னெஸ் அதை நம்ப மறுத்தாள். நம்ப மறுப்பதற்கு அவளிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அவள் எமிலியானுஸின் பக்கம் திரும்பினாள்.

"கஷாயம் குடிச்சுச் சுகம் எண்டு சொன்னனீங்கள்தானே?"

எமிலியானுஸ் பொல்லின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது, அக்னெஸ். நீ கையைக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிக்கிறாய். இல்லையெண்டு சொல்ல எனக்குப் பயமா இருந்தது."

"அப்ப கால்?"

"கால் முந்தின மாதிரித்தான். இப்ப இன்னும் கூடிப் போச்சு."

அவள் ஏசவில்லை. அகப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனாள். ஒன்றரை மாதம், ஏழு வியாழக்கிழமை, ஏழு பை. பதினாலு வருடம் தைத்த கையில் ஒரு பொக்கற் பிழைத்தால் பிரித்துத் திரும்பவும் தைக்கலாம். இதைப் பிரிக்க ஏலாது. லொறிக்காரனில் பிழையில்லை, ஒட்டாவாவில் பிழையில்லை. றேஜானாவது அந்தக் குப்பைப் பையைக் களவாக எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் ஏங்கியது. மருந்தும் மிஞ்சியிருக்கும், பிடித்து ஏச ஒரு ஆளும் கிடைத்திருக்கும். அந்த மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை. சொல்ல வந்தவனை ஏசினாள், சொல்லப் பயந்தவனை நம்பினாள். தன் கறுத்த விரல் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று போய்த் தறப்பாளை இழுத்துக் கிழித்தாள். முடிச்சை அவிழ்க்கப் பொறுக்கவில்லை.

மறுபக்கத்தில் றேஜான் நின்றார். அவள் வேலிக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டாள். அது அவளுடைய மன்னிப்பு. அதற்கு மேல் அவளிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

றேஜான் ஆறு செடியையும் சுற்றிப் பார்த்தார். இரண்டைக் காட்டி, இவை ஆண் செடி, ஒன்றுக்கும் உதவாது, பிடுங்கு என்றார். றொசானா மொழிபெயர்த்தாள். இந்த வருடத்தில் அக்னெஸ் முழுமனதோடு ஒத்துக்கொண்ட முதற் கருத்து அதுதான், வேரோடு பிடுங்கி எறிந்தாள். மிச்சம் நாலிலும் கீழ்ப்பக்கம், அவளுடைய விரலுக்குத் தப்பிச் சில முளைகள் இருந்தன. அதைத் தொடக்கூடாது. வெயில் படட்டும். ஐப்பசி நடுவரைக்கும் செடி உயிரோடு நின்றால் ஏதாவது கிடைக்கும் என்றார்.

ஆனால் ஐப்பசி நடுவரைக்கும் மொன்றியல் பொறுக்காது. ஐப்பசி ஐந்தாம் திகதி வானொலியில் உறைபனி என்றார்கள். பின்னேரம் நாலு மணிக்கே அக்னெஸ் வீட்டிலிருந்த படுக்கை விரிப்பெல்லாவற்றையும் கொண்டுவந்து செடிகளைப் போர்த்தாள். போதவில்லை. றேஜான் தன்னுடைய பழைய யன்னல் சீலைகளை வேலிக்கு மேலால் போட்டார். விடிய எடுத்து, பின்னேரம் போர்த்தி, இப்படிப் பத்து நாள். அவள் ஒரு முளையையும் தொடவில்லை. கையைச் சும்மா வைத்திருப்பது அவள் வாழ்க்கையில் செய்த ஆகக் கஷ்டமான தோட்டவேலை. விரல் துடிக்கத் துடிக்க, கையைச் சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

எல்லாம் வெட்டி உலர்த்திய பிறகு வந்தது இரண்டு ஜாம் போத்தல், அதுவும் இரண்டாவது அரைவாசி. ஒரு நாளைக்கு இவ்வளவென்று பிரித்துப் பார்த்தாள். மார்கழி நடுவுக்கு அங்கால் இழுக்காது. பனியோ பங்குனி வரைக்கும் கிடக்கும். நத்தாருக்கு, பாலன் பிறப்புப் பூசையில், முன்வாங்கை உதைக்கப் போகிறது அவருடைய கால் அல்ல, பூவைக் கிள்ளிய தன்னுடைய கை என்று அவளுக்குத் தெரிந்தது.

கார்த்திகை முதல் ஞாயிறு. றேஜான் சொன்னபடி பட்டரில் காய்ச்சி, பாண் துண்டில் தடவி, எமிலியானுஸுக்குக் கொடுத்தாள். பழக்க தோஷத்தில் எதிரே கைகட்டி நின்றவள், நினைவு வந்து கதிரையில் இருந்தாள். கண் மட்டும் அவருடைய காலில். அரை மணித்தியாலத்தில் வலது கால் உதறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இடது. அக்னெஸ் பல்லைக் கடித்தாள். பிறகு ஒரு மணித்தியாலம் கழிந்தது. வலது கால் ஒருக்கா அசைந்து, மறதியில் பாதியில் நின்றதுபோல நின்றது. இடது அசையவில்லை.

"இப்ப உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள். "இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ."

எமிலியானுஸ் காலைப் பார்த்தார். ஆருடையதோ கால் என்பதுபோலப் பார்த்தார்.

"இழுப்பு விட்டிட்டுது அக்னெஸ். ஆனா நீ இப்பிடி முழிச்சுப் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு நித்திரை வராது. அங்காலை போ."

முப்பத்தொரு வருடத்தில் அந்த மனுஷன் அவளை அங்காலை போ என்று சொன்னது அதுவே முதற்தடவை. அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். திரும்பி எட்டிப் பார்த்தபோது அவர் வாயைத் திறந்தபடி நித்திரை, மத்தியான வெயில் மடியில் கிடந்தது. கால்கள் இரண்டும் செருப்புக்குள் சும்மா இருந்தன.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. முதல் மணி முடிய முன்னம் பாய்ந்து எடுத்தாள். கம்பளம் கழுவித் தருகிற ஒரு கம்பனி, மூன்று அறைக்குச் சலுகை விலையாம். அக்னெஸ் ரெலிபோன் வயரை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு, நிலவறைப் படியில் இறங்கிக் கதவைச் சாத்தி, வாயைக் கையால் பொத்தி, அந்த ஆளின் கம்பளத்தையும் கம்பனியையும் அவன் பிறந்த நேரத்தையும் ஒன்றுவிடாமல், சுத்தத் தமிழில், இரகசியம் சொல்லுகிற குரலில் ஏசி முடித்தாள்.